திங்கட்கிழமை பாட்டில்

ஆறு மணி ஷிப்டுக்கு ஐந்தே முக்காலுக்கே கேட்டில் நூறு பெண்கள் வரிசையில் நின்றார்கள். திண்டிவனம் பக்கம், பெருமுக்கல் தாண்டி இருக்கும் ஷூ கம்பெனி அது. பையைத் திறந்து காட்டி, போனைக் கொடுத்துவிட்டு, விரலை மெஷினில் வைத்தால்தான் உள்ளே விடுவார்கள். ஞாயிற்றுக்கிழமை என்றுகூடப் பார்க்காமல் நேற்றும் ஜெசிந்தா ஷூவுக்கு மேல்தோல் தைத்திருந்தாள். இடுப்பு விட்டுப்போயிருந்தது. நின்றபடியே கண் சொருகியது.

செக்யூரிட்டி முருகையன் அவள் பைக்குள் கையை விட்டு, பேப்பர் சுற்றிய சின்ன பாட்டிலை எடுத்துப் பிரித்தார்.

"இன்னாம்மா இது, டீத்தண்ணியா? உள்ள எடுத்துக்கினு போவக் கூடாதுன்னு எத்தினி தபா சொல்றது? கொட்டிட்டு வா."

"டீ இல்லீங்கண்ணா. எம் பொண்ணோட யூரினு. டெஸ்ட்டுக்கு…"

சொல்லும்போதுதான் அவளும் பார்த்தாள். விடியுமுன் கரண்ட் இல்லாத இருட்டில், தூங்கி வழிந்த பிள்ளையை உட்காரவைத்துப் பிடித்தது. அப்போது நிறம் தெரியவில்லை. இப்போது நன்றாகத் தெரிந்தது. பால் விடாத டீ மாதிரி கறுப்பும் சிவப்புமாக இருந்தது.

ஏழு வயசு மகள் கலைப்பிரியாவுக்கு வந்த நோய் ஒழுங்கான வழியில் வந்ததா என்றால் அதுவும் இல்லை. முதலில் வயிற்றுவலி. பூச்சியாக இருக்கும் என்று மாத்திரை கொடுத்தார்கள். ரெண்டு நாள் கழித்துக் காலெல்லாம் செம்புள்ளி. மல்லாட்டைக் கொல்லையில், கடலைக் கொடிக்குள் விளையாடிய பிள்ளையை என்னவோ கடித்துவிட்டது, காணாக்கடிதான் என்று தெருவே சொன்னது. ஊரில் மந்திரிக்கும் பெரியவர் விருத்தாசலம் வேப்பிலை அடித்தார். உப்பு, புளி, எண்ணெய் ஆகாது, ஏழு நாள் பத்தியம் என்றார். ஜெசிந்தா மாதா படத்துக்கு மெழுகுவத்தி ஏற்றிவிட்டு, பத்தியத்தையும் விடாமல் பிடித்தாள். பிள்ளை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டபோது, உப்பில்லாமல் தின்றால் வயிறு கோணத்தான் செய்யும் என்று தடவிக்கொடுத்தாள். பாவி, அதைத்தான் இன்னமும் நினைத்து நினைத்து அழுகிறாள். ஆறாம் நாள் வெளிக்குப் போனதில் ரத்தம் வந்தது.

விழுப்புரம் பெரியாஸ்பத்திரியில் டாக்டரம்மா புள்ளிகளை அழுத்திப் பார்த்தார். "கடியும் இல்ல, அம்மையும் இல்லம்மா. ரத்தக் குழாயெல்லாம் வீங்கியிருக்கு. எப்பவும் கால்லதான் மொதல்ல தெரியும், உம் பொண்ணுக்கு வயிறு முந்திக்கிச்சு. புள்ளி மறைஞ்சிட்டா சரியாப்போச்சுன்னு விட்றாதே. கிட்னிக்குப் போவும். ஆறு மாசம், வாரா வாரம் யூரின் பாக்கணும். டீ கலர்ல வந்துதுன்னா அன்னிக்கே தூக்கிட்டு வந்துடு."

வாரா வாரம் லீவு யார் கொடுப்பார்கள்? திண்டிவனம் ஆஸ்பத்திரி வாசலில் பூ விற்கும் கலையரசிதான் வழி சொன்னாள். திங்கட்கிழமை காலையில் கம்பெனி பஸ் அந்தப் பக்கம் போகும்போது ஜன்னல் வழியே பாட்டிலை நீட்டினால், அவள் வாங்கி லேபில் கொடுத்துவிடுவாள். எட்டு வாரம் அப்படித்தான் நடந்தது. இன்று நேரமாகிவிட்டது என்று டிரைவர் ஊருக்குள் போகாமல் பைபாஸில் திருப்பிவிட்டான். பாட்டில் கம்பெனி வரைக்கும் வந்துவிட்டது.

ஜெசிந்தா வரிசையை விட்டு விலகி, பக்கத்து வீட்டுக் கோவிந்தம்மாளுக்குப் போன் போட்டாள்.

"பாப்பா எப்டிக்கா கீது?"

"மூஞ்சி உப்பிக்கினு கீதுடி. கண்ணே தொறக்க முடியல. தூங்கினதால இருக்கும்னு பாத்தேன். தல வலிக்குதுன்னு அழுவுது."

"ஐயோ, நிக்காதக்கா! ஆட்டோ புடிச்சிப் பெரியாஸ்பத்திரிக்குத் தூக்கிக்கினு போ. சீட்டு, மருந்தெல்லாம் அலமாரில கீது. நான் வந்துகினே இருக்கேன்."

"நீ ஜல்தி வா. எனக்கு அங்க ஒண்ணும் புரியாது."

முருகையன் பாட்டிலைப் பேப்பரில் சுற்றித் திருப்பிக் கொடுத்தார். குரல் இறங்கியிருந்தது.

"வெரல் வெக்கலன்னா ஆப்சென்ட்டும்மா. ஒனக்கு இந்த மாசம் இது மூணாவது. சூப்பர்வைசரு குமரேசன் மொகத்துக்கு நேரா வராதேன்னுடுவாரு. நாளைக்கி நான் ஒன்ன உள்ள விட முடியாது."

"எம் புருசன் கேரளாவுல கட்டட வேலைல கம்பி கட்டிக்கினு கீறாருண்ணா. நான் போவாம யாரு போறது?"

முருகையன் அடுத்த பையைத் திறந்தார்.

வாசலில் அவளை ஏற்றி வந்த பஸ் திரும்பி நின்றது. எட்டு மணி ஷிப்டு ஆட்களை ஏற்றத் திண்டிவனத்துக்குப் போகிறது. ஜெசிந்தா ஓடிப்போய்க் கதவைத் தட்டினாள். "அண்ணா, ஆஸ்பத்திரிக்குண்ணா. கொழந்தைக்கு முடியல. திண்டிவனத்துல எறக்கி உட்ருங்க, அங்கேந்து விழுப்புரத்துக்கு நான் போய்க்கிறேன்."

டிரைவர் ஜன்னலுக்கு மேலே இருந்த கேமராவைக் காட்டினான். "காலி வண்டில ஆளு ஏத்தக் கூடாதும்மா. போன வாரம் ஒரு பொண்ண ஏத்திக்கினு போயி, ஒரே பேஜாராப் பூடுச்சி எனக்கு."

டவுன் பஸ் ஏழேகாலுக்குத்தான். அவள் தார் ரோட்டில் நடக்க ஆரம்பித்தாள். நடை ஓட்டமானது. பாட்டிலை முந்தானைக்குள் இறுக்கிப் பிடித்திருந்தாள். பின்னால் சத்தம் கேட்டுத் திரும்பினாள். கம்பெனி பஸ் வந்துகொண்டிருந்தது. உள்ளே அறுபது சீட்டும் காலி. ஒருவேளை மனசு மாறியிருப்பான் என்று கையைக் காட்டினாள். டிரைவர் ஹாரன் அடித்தான், ஓரமாகப் போகச் சொல்லி.