உட்காராத விருந்தாளி

குவைத்திலிருந்து ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டத்துக்குத் திரும்பி வந்த மறுநாள் சாயங்காலம், ஜீவராணி பக்கத்து வீட்டு இராக்கம்மாவைப் பார்க்கப் போனாள். இராக்கம்மா கதிரையைத் துடைத்துப் போட்டாள்.

“ஒக்காரு புள்ள.”

“வேணாங்க்கா.”

அவள் வந்தது நடுவே ஒரே நடைவழி வைத்த சின்ன விமானம். கடலுக்கு மேல் ஐந்தரை மணி நேரம், இரண்டு பேருக்கு நடுவில், முழங்கால் முட்ட அடைந்து கிடந்தவள் அவள். நடைவழி ஓரத்து ஆள் குறட்டை விட்டுத் தூங்கியதில் எழுந்திருக்கவும் வழியில்லை. இப்போது கதிரையைப் பார்த்தாலே கால் தரிக்கவில்லை. வாசலுக்கும் அடுப்புக்குமாக நடந்தாள்.

“வெளிநாடு போனதும் எங்க வீட்டுக் கதிரை ஆகலையோ?”

“ஐயோ, பிளேன்ல ஒக்காந்தே செத்துட்டேங்க்கா!”

“காலையிலருந்து மலையில நின்னு கொழுந்து பறிச்ச காலு இது. வந்தவ நிக்கையில நான் எப்புடிடி ஒக்கார்றது?”

ஜீவராணி சட்டென்று உட்கார்ந்தாள். இராக்கம்மா தரையில் சரிந்து காலை நீட்டினாள்.