சச்சிதானந்தன் அணைத்த ஹீட்டர்

சுவிஸின் துன் நகரில் அன்று மைனஸ் ஒன்பது பாகை. ஜெயமலர் வேலை முடிந்து வந்தபோது, கணவர் சச்சிதானந்தன் மறுபடியும் ஹீட்டரை அணைத்திருந்தார்.

“இதெல்லாம் ஒரு குளிரோ? எண்பத்தேழிலை, மைனஸ் இருபதிலை, துணிச் சப்பாத்தோடை ஹோட்டலுக்குக் கோப்பை கழுவ நடந்தனான்,” என்றார்.

வருகிறவர்களுக்கெல்லாம் அவர் சொல்லும் கதை. அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“நீங்கள் மட்டுமோ நடந்தனீங்கள்? ஏழு மாத வயித்தோடை நானும் பின்னாலை வந்தனான். பனியிலை விழுந்து எழும்பினனான். ஒருநாளாவது அதைச் சொன்னனீங்களோ?”

விறைத்த விரல்களால் அவள் ஹீட்டரின் குமிழை முழுதாகத் திருப்பினாள்.

“இனி இதிலை கை வைச்சுப் பாருங்கோ!”

அவர் போர்வையைக் கொண்டுவந்து நீட்டினார். அவள் அதை வாங்காமல் குசினிக்குள் போய்க் கதவை அடித்துச் சாத்தினாள்.