லொரைன் செய்த ஜெபம்

குவீன்ஸ்டவுனில் இருந்த அந்தச் சிறிய கிறிஸ்துவப் பல்கலைக்கழகத்தில் தாதிமை படிக்கச் சேர்ந்தபோது, தாரணிக்கு அங்கே ஒரு முகமும் தெரியாது. முதல் நாள் சிற்றாலயத்தில் எப்போது எழுவது, எப்போது உட்காருவது என்று புரியாமல் விழித்தவளைக் கையைப் பிடித்து உட்காரவைத்தவள் லொரைன். அன்றிலிருந்து இருவரும் ஒட்டிக்கொண்டார்கள். கிறிஸ்துமஸுக்கு லொரைன் வீட்டில்தான் தாரணிக்குச் சாப்பாடு. தீபாவளிக்கு முந்தைய வாரம் இருவரும் தேக்கா கடைத்தெருவில் கூட்டத்தில் இடிபட்டு வளையல் வாங்கினார்கள்.

இரண்டாம் ஆண்டில் மருத்துவமனைப் பயிற்சி. இருவருக்கும் சேர்த்து ஒப்படைக்கப்பட்ட நோயாளி பரமசிவம், எழுபத்தெட்டு வயது, இடுப்பில் அறுவை சிகிச்சை முடிந்தவர். ஒரு செவ்வாய்க்கிழமை காலை அவர் கட்டிலிலிருந்து விழுந்தார். கட்டிலின் பக்கவாட்டுக் கம்பியை யாரோ இறக்கிவிட்டு ஏற்றாமல் போயிருந்தார்கள். நல்லவேளை, எலும்பு எதுவும் முறியவில்லை. நெற்றியில் நான்கு தையல்.

மாணவிகளை மேற்பார்வை செய்த கதீஜா இருவரையும் தனித்தனியாக விசாரித்தார். தாரணிதான் கடைசியாகப் பரமசிவத்திடம் போனாள் என்று லொரைன் முதலிலேயே சொல்லிவிட்டிருந்தாள்.

"கம்பியை ஏத்துனியா, இல்லையா?"

"ஏத்திட்டேன்னு நினைக்கிறேன் மேடம்."

அந்த 'நினைக்கிறேன்' அவளைக் கவிழ்த்துவிட்டது. மூன்று வாரம் வார்டுக்கு வரக்கூடாது என்று உத்தரவாயிற்று.

லொரைன் அவளைக் கட்டிக்கொண்டாள். "எல்லாரும்தான் தப்பு பண்றோம். ரொம்ப யோசிக்காத லா."

அந்த வாரம் சிற்றாலயத்தில் ஜெபம் நடத்துவது லொரைனின் முறை. "எங்கள் தோழி தாரணியின் கவனக்குறைவை மன்னியும் ஆண்டவரே" என்று கண்களை மூடிக்கொண்டு வேண்டினாள். நூற்றுச்சொச்சம் பேர் ஆமென் சொன்னார்கள். தாரணியும் சொன்னாள். வெட்கத்தில் காது சுட்டாலும், தனக்காக வேண்டிக்கொள்ள ஒருத்தி இருக்கிறாளே என்றுதான் நினைத்தாள்.

இரண்டாவது சனிக்கிழமை, பார்வையாளர் நேரத்தில், பரமசிவத்திடம் மன்னிப்புக் கேட்கப் போனாள்.

"நீ எதுக்கும்மா கேக்குற?" என்றார் அவர். "அந்த இன்னொரு பொண்ணு அன்னைக்கே வந்து கேட்டுட்டாளே. மூத்திரப் புட்டியை எடுக்கக் கம்பியை இறக்குனா, போன் வந்துச்சு, பேசிக்கிட்டே போயிட்டா. அப்புறம் வந்து என் கையைப் பிடிச்சுக்கிட்டு ஒரே அழுகை. யார்கிட்டயும் சொல்லாதீங்கன்னு கெஞ்சுனா. பாவம்னு, கேட்டவங்ககிட்ட ஞாபகமில்லேன்னுட்டேன். உனக்கா தண்டனை குடுத்தாங்க?"

வெளியே வந்ததும் தாரணி போனை எடுத்தாள். லொரைனைத் தேக்கா உணவுக்கடைப் பக்கம் வரச்சொன்னாள். பரமசிவம் சொன்னதை அப்படியே சொன்னாள். வாங்கிய தேநீரை இருவரும் தொடவில்லை.

"எனக்கு ஏற்கெனவே ஒரு வார்னிங் இருக்குடி" என்று லொரைன் அழுதாள். "இன்னொண்ணு வந்தா கோர்ஸ விட்டே அனுப்பிடுவாங்க. உன் ரெக்கார்ட் சுத்தமா இருக்கு, மூணு வாரத்துல முடிஞ்சிடும்னு நினைச்சேன்."

"சரி. ஜெபம் எதுக்குப் பண்ணுன?"

லொரைன் கைக்குட்டையை எடுத்துக் கண்ணைத் துடைத்தாள்.

"ரெண்டு வாரமா என் கையையே என்னால நம்ப முடியல. வீட்டுல அடுப்ப அணைச்சோமான்னு நாலு தடவை போய்ப் பாக்குறேன். அதையும் பக்கத்துல இருந்து பாத்துக்கிட்டுதானே இருந்த?" தாரணி எழுந்துகொண்டாள். "திங்கக்கிழமை பத்து மணிக்கு நான் கதீஜா மேடத்தைப் பாக்கப் போறேன். அதுக்கு முன்னாடி நீயே போய்ச் சொல்லிடு."

லொரைன் போகவில்லை. பத்து மணிவரை கதீஜாவின் அறை வாசலில் நின்று பார்த்துவிட்டுத் தாரணி உள்ளே போனாள். கதீஜா மறுபடியும் பரமசிவத்திடம் பேசினார். தாரணியின் பதிவில் இருந்த குறிப்பு நீக்கப்பட்டது. லொரைனை வெளியே அனுப்பவில்லை. படிப்பில் ஓர் ஆண்டு பின்தள்ளினார்கள். அன்று ஆமென் சொன்ன அத்தனை பேரில் கேட்லின் என்ற ஒருத்தி மட்டும் வந்து "சாரி" என்றாள்.

சில நாள் கழித்து, கிளமெண்டிக்குப் போகும் பேருந்துக்காகக் காத்திருந்தபோது லொரைனின் அம்மா அல்போன்சம்மாள் தொலைபேசியில் அழைத்தார்.

"ஏம்மா, எங்க வீட்டுப் பிள்ளை மாதிரிதானே உன்ன வச்சிருந்தோம். மேலிடம் வரைக்கும் போகணுமா? கொஞ்சம் பொறுத்துப் போயிருக்கக்கூடாதா?"

அந்த அம்மாவுக்கும் எல்லாம் முன்பே தெரிந்திருந்ததோ என்று கேட்கத் தாரணிக்கு வாய் வரை வந்தது. பதிலைக் கேட்கப் பயமாக இருந்தது.

"பஸ் வந்துடுச்சு ஆண்ட்டி" என்று சொல்லி வைத்துவிட்டாள். சாலையில் பேருந்து எதுவும் கண்ணில் படவில்லை.