மறதி அப்பாவுக்கு, ரிப்போர்ட் அம்மாவுக்கு

அந்தக் கண் மருத்துவமனைக்கு நாங்கள் போனதே அப்பாவுக்காகத்தான். ஓவிய ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்ற அவருக்கு எங்கள் வீட்டில் மறதி மன்னன் என்று பெயர். நெற்றியில் ஏற்றிவிட்ட கண்ணாடியை வீடெல்லாம் தேடுவார். ஒருமுறை துக்கம் விசாரிக்கப் போய், வீடு மாறி, முன்பின் தெரியாதவர்களோடு சேர்ந்து அழுதுவிட்டு வந்தார்.

அம்மா நேரெதிர். பஸ் டிப்போவில் உதிரி பாகங்கள் வைக்கும் ஸ்டோர் இன்னும் அவள் பொறுப்பில்தான் இருந்தது. எந்த போல்ட் எந்த அலமாரியில் எந்தத் தட்டில் என்று கம்ப்யூட்டரைத் தொடாமலே சொல்வாள். மெக்கானிக்குகள் ஜன்னலுக்கு வந்து வாயைத் திறப்பதற்குள் பொருள் கைக்கு வந்துவிடும்.

அப்பாவின் மறதி கூடிக்கொண்டே போவதாக எனக்குத் தோன்றியது. விழித்திரையை ஸ்கேன் செய்து, மறதி நோய் வரக்கூடுமா என்று முன்கூட்டியே கணிக்க முடியுமா என அந்த மருத்துவமனையில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார்கள். அப்பா மெஷினில் மோவாயை வைத்து, பச்சைப் புள்ளியைப் பார்த்துவிட்டு எழுந்தார். அடுத்து யாரும் காத்திருக்கவில்லை. ஸ்கேன் எடுக்கும் பெண் அம்மாவையும் உட்காரச் சொன்னாள். அம்மா கைப்பையை என்னிடம் கொடுத்துவிட்டு உட்கார்ந்தாள்.

அடுத்த வாரம் டாக்டர் எங்களைக் கூப்பிட்டார். அப்பாவுக்கு எல்லாம் சரியாக இருந்தது. அம்மாவின் விழித்திரையில் நரம்பிழைகள் ஓடும் அடுக்குதான் அவள் வயதுக்கு இருக்க வேண்டியதைவிட மெலிந்திருந்தது.

ரிப்போர்ட் மாறிப்போயிருக்கும் என்று மூன்று பேரும் ஒரே குரலில் சொன்னோம். டாக்டர் மறுபேச்சில்லாமல் இன்னொரு முறை எடுக்கச் சொன்னார். அப்போதும் அதேதான் வந்தது.

கண் நரம்பும் மூளையைச் சேர்ந்ததுதான், அதனால் மூளையில் நடப்பது சில சமயம் கண்ணில் முதலில் தெரியலாம் என்று விளக்கினார். ஆனால் மெலிந்தவர்கள் எல்லாருக்கும் நோய் வருவதில்லையாம். வேறு காரணங்களாலும் மெலியுமாம். அம்மாவுக்கு ஞாபகத் தேர்வும் வைத்தார்கள். ஒரு கேள்வியைக்கூட அவள் தவறவிடவில்லை.

"அப்ப எனக்கு நோய் இருக்கா, இல்லையா டாக்டர்?"

"இப்ப இல்லம்மா. வருமான்னு கேட்டா, சொல்லத் தெரியல. ஒரு வருஷம் கழிச்சு மறுபடியும் பார்ப்போம்."

வெளியே வந்ததும், "எனக்கு வர வேண்டியது உனக்கு மாறி வந்துடுச்சோ?" என்றார் அப்பா. அம்மா சிரித்தாள். அப்பா சிரிக்கவில்லை.

அதற்குப் பிறகு வீடு ஒரு மாதிரியாகிவிட்டது. வேறு வீட்டில் இருந்த நான் தினமும் சாயங்காலம் போன் செய்து, காலையில் என்ன சமைத்தாள், யார் வந்தார்கள் என்று பேச்சுவாக்கில் கேட்பேன். பேசுகிறாயா, பரீட்சை வைக்கிறாயா என்று அம்மா போனை வைத்துவிடுவாள். அப்பாவோ வீட்டுப் பொறுப்பு முழுவதையும் தன் தலையில் போட்டுக்கொண்டார். கேஸை மூடுவார், சாவியைப் பத்திரப்படுத்துவார், மாத்திரை டப்பாவை இடம் மாற்றுவார். பிறகு, செய்ததை மறந்துவிடுவார்.

ஒருநாள் மதிய ஷிப்டுக்குக் கிளம்பும் நேரத்தில் அம்மா என் ஆபீசுக்கே போன் செய்தாள். குரல் அவளுடையதாகவே இல்லை.

"ஸ்டோர் சாவியக் காணோம். எப்பவும் மாட்டுற இடத்துலதான் மாட்டினேன். மாட்டினேனான்னு இப்ப சந்தேகமா இருக்கு. கேஸ் வேற மூடியிருக்கு. நான் மூடின ஞாபகமே இல்லடி."

அரை நாள் லீவு போட்டு ஓடினேன். அம்மா நாற்காலியில் கைகளைக் கோர்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவளை அப்படி வெறுங்கையோடு நான் பார்த்ததில்லை. நானும் அப்பாவும் வீட்டையே தலைகீழாகப் புரட்டினோம். கடைசியில் சாவி அப்பாவின் சட்டைப் பையில் இருந்தது. எப்படி வந்தது என்று அவருக்கே தெரியவில்லை.

அம்மாவுக்கு உயிர் திரும்பி வந்தது. அப்பாவைத் திட்டித் தீர்த்தாள். திட்டிக்கொண்டிருக்கும்போதே சட்டென்று நிறுத்தி, "கேஸயும் நீங்கதானே மூடினீங்க?" என்று கேட்டாள்.

அப்பா அடுப்படிக்குப் போய் கேஸைப் பார்த்துவிட்டு வந்தார். "நான்தான்னு நினைக்கிறேன்," என்றார்.

ஒரு வருஷம் கழித்துப் போனபோது ஸ்கேனில் எந்த மாற்றமும் இல்லை. நல்ல செய்திதானே என்று கேட்டேன். நல்லதுதான், ஆனால் இதை வைத்து உறுதியாக எதுவும் சொல்ல முடியாது என்றார் டாக்டர். வேண்டுமானால் மூளையை ஸ்கேன் செய்து இன்னும் துல்லியமாகப் பார்க்கலாம் என்றார். உடனே செய்துவிடலாம் என்றார் அப்பா. அம்மா இப்போதைக்கு வேண்டாம் என்று எழுந்துவிட்டாள்.

அவள் அப்படிச் சொன்னது தைரியத்திலா, பயத்திலா என்று எனக்குப் பிடிபடவில்லை. பஸ் நிறுத்தத்தில் அவளிடமே கேட்டேன்.

"எனக்கும்தான் புரியல. புரிஞ்சா சொல்றேன்," என்று சொல்லிவிட்டு, டிப்போ பக்கம் போகும் பஸ்ஸில் ஏறிவிட்டாள். பஸ் திருப்பத்தில் மறையும்வரை நானும் அப்பாவும் அங்கேயே நின்றோம்.