எந்த வகையிலும் சேராத கேமரா

ஒகாயாவில், ஏரியைப் பார்த்தபடி இருந்த, பழைய கேமராக்களை வாங்கி விற்கும் கிடங்கில் வேலை பார்த்தாள் மிசாவோ ஓரிஹாரா. ஊர் ஊராக வந்து சேரும் பெட்டிகளைப் பிரித்து, ஒவ்வொரு கேமராவையும் கணினிப் பட்டியலில் அதனதன் வகையில் சேர்க்க வேண்டும். பார்க்கவும் படம் பிடிக்கவும் ஒரே லென்ஸ் என்றால் ஒற்றைக்கண். மேலே பார்க்க ஒன்று, கீழே படம் பிடிக்க ஒன்று என்றால் இரட்டைக்கண். மடிப்பு, கைக்கடக்கம், உள்ளே கண்ணாடி இல்லாதது என்று இன்னும் பல. எதிலும் அடங்காதது உடைசல் கூடைக்கு.

அம்மா இறந்துபோன பிறகான இந்த இரண்டு வருடங்களில், அவள் வாய் திறந்து பேசியதெல்லாம் பெரும்பாலும் இந்தப் பெயர்கள்தான்.

நவம்பரில் ஹச்சினோஹேயிலிருந்து ஒரு பெட்டி வந்தது. அதிலிருந்த ஒரு கேமராவை எங்கே சேர்ப்பதென்று தெரியவில்லை. உடம்பு இரட்டைக்கண்ணுடையது. மேல் கண்ணைப் பிடுங்கிவிட்டுப் பித்தளைத் தகடு அடித்திருந்தது. பார்ப்பதற்குப் பக்கவாட்டில் கம்பிச் சட்டம். யாரோ வீட்டில் உட்கார்ந்து செய்தது.

"உடைசல்ல போடுங்க, ஓரிஹாரா சான். இதுக்குப் போய் அரை மணி நேரமா?" என்றான் மேலாளர் மகிட்டா.

உடைசலில் போடுமுன் அனுப்பியவரைக் கேட்க வேண்டும் என்பது விதி. மிசாவோ எண்ணை அழுத்தினாள். எடுத்தவர் சவமுகாய் என்ற கிழவர்.

"அதுவா! என் பொண்டாட்டி பண்ணினது. உங்க ஊர்ப் பொண்ணுதான். கேமரா ஃபேக்டரியில வேலை பாத்தவ. எந்த வகையில சேத்தீங்க?"

"அதான் தெரியலைங்க ஐயா."

கிழவர் இருமி இருமிச் சிரித்தார். "நாப்பது வருஷச் சண்டைம்மா அது! ரெண்டு குழி இருக்கு, ரெட்டைக்கண்ணுன்னு நான் சொல்லுவேன். பாக்குறது ஒண்ணுதானே, பொட்டைக்கண்ணைக் கணக்குல சேப்பாங்களான்னு அவ சொல்லுவா. போன வருஷம் போயிட்டா. முதியோர் இல்லத்துல எனக்கு ஒரு அலமாரிதான் குடுத்திருக்காங்க, அதான் அனுப்பிட்டேன். நீ என்ன சொல்ற?"

அவள் என்ன நினைக்கிறாள் என்று யாரும் கேட்டு வெகுகாலமாயிற்று. ரிசீவரைத் தோளில் இடுக்கிக்கொண்டு, கேமராவை மறுபடி திருப்பிப் பார்த்தாள்.

"எனக்கும் ரெட்டைக்கண்ணுன்னுதான் தோணுதுங்க. மூடியிருந்தாலும் கண்ணு இருந்த இடம்தானே."

"அவ காதுல விழுந்திருந்தா உன்னைச் சும்மா விட்டிருக்க மாட்டா!"

மகிட்டா தலையில் அடித்துக்கொண்டான். ஆனாலும் அவள் அதை இரட்டைக்கண்ணில்தான் ஏற்றினாள். மூன்று வாரம் கழித்து ககோஷிமாவில் ஒருவர் வாங்கினார். அவளே காகிதம் சுற்றிக் கட்டினாள். பட்டியலில் அந்த வரி மறைந்ததும், மறுபடி கிழவரைக் கூப்பிட ஒரு சாக்கும் இல்லாமல் போயிற்று.

இருந்தும், விற்றுப்போனதைச் சொல்வதாக நினைத்துக்கொண்டு கூப்பிட்டாள்.

"எந்தக் கடைம்மா?" அவருக்குச் சட்டென்று நினைவு வரவில்லை. அவள் எடுத்துச் சொன்னாள்.  இரட்டைக்கண் என்றதும் அவருக்குப் பிடிபட்டது.

"ஏரி உறைஞ்சிடுச்சா?" என்றார்.

"இன்னும் இல்லைங்க. ஜனவரி ஆகணும்."

"உறைஞ்சா ஒரு வார்த்தை சொல்லும்மா. வருஷா வருஷம் என் பொண்டாட்டி உங்க ஊர்ல இருந்த தங்கச்சிக்கு போன் போட்டுக் கேப்பா. இப்ப தங்கச்சியும் இல்லை."

அன்றிலிருந்து தினமும் வேலைக்கு வரும் வழியில் மிசாவோ கரையில் நின்று பார்த்தாள். ஓரத்தில் கண்ணாடித் தாள் போலப் பனி படியும். வெயில் ஏறினால் கரைந்துவிடும். ஜனவரி முடிந்தது. பிப்ரவரியில் மழையே பெய்தது. அந்த வருடம் ஏரி உறையவில்லை.

அதைச் சொல்வதற்காகவே ஒரு மதிய இடைவேளையில், சோற்றுருண்டையைப் பிரிக்காமல் பக்கத்தில் வைத்துவிட்டு எண்ணை அழுத்தினாள். கிழவர் இரண்டாவது மணியிலேயே எடுத்துவிட்டார்.