எட்டாம் நாளில் வருகிறவன்

கலிலேயா மலைச்சரிவில் இருந்த எங்கள் பேத்கர்மா ஊருக்கு, ரோமர்களோடு போர் மூண்ட இரண்டாம் வருடம், வாரத்தில் எட்டாவதாக ஒரு நாள் வந்தது. ஓய்வுநாள் முடிந்ததும் அது வந்தது. வாரத்தின் முதல் நாள் அதற்குப் பின்னால் தள்ளிப் போனது. அந்த வருடம் அத்தி நன்றாகக் காய்த்திருந்தது. ஒலிவம் சுமார்தான்.

அதற்கு முன்னால் நடந்ததையும் சொல்ல வேண்டும். ஊரில் எண்ணெய்ச் செக்கு வைத்திருந்தவன் யோவேசர். தணிந்த குரலில் பேசுவான், கை மட்டும் உலக்கை போல இருக்கும். பிள்ளையில்லை. அவன் மனைவி ஷப்பிரா, கருவாட்டு வியாபாரிகளிடம் கேட்டுக் கேட்டு நசரேயனை நம்ப ஆரம்பித்திருந்தாள். நல்ல எண்ணெய்க்காரி, ஏதோ ஒரு கிறுக்கு என்று ஊர் அதைப் பெரிதுபடுத்தவில்லை. படைக்குத் தானியம் பிடிக்க வந்த ரோம அதிகாரி, விதைக்கென்று வைத்திருந்த வாற்கோதுமை மூட்டையைத் தூக்கியபோது அவள் கோணியை விடாமல் பிடித்துக்கொண்டாள். அவன் வாளை உருவி அவளுடைய இடது கையில் இரண்டு விரல்களை வெட்டினான். யோவேசர் செக்கு மரத்தைப் பிடுங்கி ஒரே ஒரு அடி அடித்தான். அடித்த பிறகு அதிகாரியின் தோளுக்கு மேல் அடையாளம் சொல்லும்படி எதுவும் மிஞ்சவில்லை. கூட வந்த வீரர்கள் குதிரைகளை விரட்டிக்கொண்டு ஓடினார்கள்.

திரும்பி வந்தபோது ஒஃபெல்லியுஸ் என்ற தலைவனோடு சேர்த்து நாற்பது பேர் வந்தார்கள். யோவேசர் வறண்ட நீர்த்தொட்டிக்குள் ஒளிந்துகொண்டான். கொன்றவன் கிடைக்காததால் ஒஃபெல்லியுஸ் ஏழு ஆண்களைப் பிடித்து ஜெப ஆலயத் தூண்களில் கட்டினான். அதில் ஒருவன் யாகீம், யோவேசரின் தம்பி, கல்யாணமாகி இன்னும் திராட்சை அறுப்புக்கூட வரவில்லை. யோவேசரின் தோப்பிலேயே ஏழு ஒலிவ மரங்களை வெட்டிச் சிலுவை செய்தார்கள். தொலெமாயியிலிருந்து வரவேண்டிய ஆணிகள் மட்டும் வழியில் தாமதப்பட்டன. எனவே ஓய்வுநாள் போகட்டும், முதல் நாள் சூரியன் எழும்போது அறைவேன் என்று ஒஃபெல்லியுஸ் அறிவித்தான். ஓய்வுநாளில் மட்டுமாவது கட்டை அவிழ்த்துவிடும்படி கேட்கப் போனார் ஹனமேல். ஜெப ஆலயத்தில் வேதம் வாசிக்கிற மூப்பர் அவர். ஈட்டிக் கட்டையால் வாயில் குத்தி அனுப்பினார்கள்.

அவர் ரத்தத்தைத் துப்பிவிட்டு ஊராரிடம் சொன்னார்: "ஏழு பேரைப் புடிச்சிருக்கான். ஏழோட உலகத்தையே படைச்சு முடிச்சாச்சு. அதுக்கு மேல கணக்கு கெடையாது. முடிஞ்சுது."

"இருக்கு, பெரியவரே," என்றாள் ஷப்பிரா. கையில் கட்டுத் துணி ஊறிக் கறுத்திருந்தது. "ஏழு படைச்ச கணக்கு. எட்டு, கெட்டுப் போனதைத் திரும்பப் படைக்கிற கணக்கு. சிலுவையில செத்த எங்க நசரேயர் எந்திரிச்சது ஓய்வுநாளுக்கு மறுநாள், எட்டாவது நாள்தானே? எழுத்துக்கு ஒரு எண் இருக்குல்ல, அவர் பேரைக் கிரேக்க எழுத்துல கூட்டிப் பாருங்க, மூணு எட்டு வருது."

"வாயில பல்லு இல்லாத நேரத்துல என்னைச் சிரிக்க வைக்காதம்மா," என்றார் ஹனமேல்.

ஓய்வுநாள் முடிந்து விடிந்தபோது ஆணிகள் வந்து சேர்ந்திருந்தன. சூரியனும் எழுந்துவிட்டது. ஆனால் யாரும் அறையவில்லை. யாகீம் கண்ணை இறுக மூடிச் சுத்தியலுக்காகக் காத்திருந்து காத்திருந்து, கடைசியில் சலித்துப் போய்த் திறந்து பார்த்தான். சுத்தியலை ஓங்கியவன் ஓங்கியபடி நின்றான். ஒஃபெல்லியுஸ் வாயில் பாதி ரொட்டியோடு நின்றான். சுவரோரம் சிறுநீர் கழித்துக்கொண்டிருந்தவனின் நீர் தரையைத் தொடாமல் வளைந்து தொங்கியது. படைக்குதிரைகளும் அப்படியே, ஊர்க்கழுதைகள் மட்டும் வழக்கம்போலக் கத்தின. ஹனமேல் வெளியே வந்து எல்லாவற்றையும் பார்த்தார். நேற்று ஓய்வுநாள், அதில் சந்தேகமில்லை. இன்று முதல் நாளாக இருந்தால் இவர்கள் அசைய வேண்டும். ஆகவே இது வேறொரு நாள் என்று அவர் தீர்மானித்தார். பெண்கள் அரிவாளால் கயிறுகளை அறுத்தார்கள்.

மலைக்கு ஓடிவிட அதுவே போதுமான நேரம். ஷப்பிரா ரொட்டியையும் எண்ணெய்ச் சாடியையும் மூட்டை கட்டிக்கொண்டிருந்தபோது, யோவேசர் நீர்த்தொட்டியிலிருந்து ஏறி வந்தான். திராட்சைக் கொடி கழிக்கிற கத்தி கையில் இருந்தது.

"அவுத்தாச்சு. மூட்டையைத் தூக்குங்க, போயிடலாம்," என்றாள்.

"நாப்பது பேரு, ஷப்பிரா. சரியா நாப்பது. மழை பெஞ்சு உலகம் முழுகினது நாப்பது நாள். வனாந்தரத்துல அலைஞ்சது நாப்பது வருசம். அவர் தண்டிக்கிற கணக்கு அது. கையில கொண்டுவந்து குடுத்திருக்காரு."

"நிக்கிறவனைக் குத்த உங்களுக்குக் கடவுள் வேற துணையா?"

"என்னைத் தேடித்தான் என் தம்பியைக் கட்டினான்," என்றான் யோவேசர். கத்தியோடு தெருவில் இறங்கினான்.

ஊர் ஆண்கள் பலரும் அவன் பின்னால் போனார்கள், கட்டு அவிழ்ந்த ஏழு பேரும் சேர்ந்து. ஒஃபெல்லியுஸிலிருந்து ஆரம்பித்தார்கள். கத்தி ஈரக் களிமண்ணில் இறங்குவது போலக் கழுத்தில் இறங்கி மறுபக்கம் வந்தது. ரத்தம் வரவில்லை, தலையும் விழவில்லை, வாயில் ரொட்டி இருந்தபடி இருந்தது. அதைப் பார்த்து இரண்டு பேர் வாந்தி எடுத்தார்கள். மற்றவர்களுக்கு ரத்தம் வராததே வசதியாகிவிட்டது. என்ன செய்கிறோம் என்பது மறந்து, கொடி கழிக்கிற வேலையாள்களைப் போல ஒருவருக்கொருவர் இடம்விட்டு வேலை செய்தார்கள். வயிறுகளைத் திறந்தார்கள், தொண்டைகளை அறுத்தார்கள். அதுவரை கோழிகூட அறுத்தறியாத யாகீம், தனக்காக ஓங்கிய சுத்தியலை அந்த வீரனின் விரல்களிலிருந்து பிரித்தெடுத்து, அவனுடைய இரு கைகளையும் முகத்தையும் சிலுவை மரத்தில் ஆணியடித்தான். முகத்துக்கு மூன்று ஆணிகள் ஆயின.

கடைசிக் கூடாரத்தில், தோல்களுக்கு அடியில், ஒருவன் நடுங்கிக்கொண்டிருந்தான். யோவேசர் தோலை இழுத்தபோது அவன் எங்கள் பேச்சிலேயே கெஞ்சினான்.

"அண்ணே, வேண்டாம் அண்ணே. எங்கம்மா இஸ்ரவேல்காரி. பெத்சான் ஊர்ல நெசவு. அப்பன் சீரியப் படையில இருந்தான். அவன் ஊர்ல இல்லாத நேரம் பாத்து, பொறந்த எட்டாம் நாளே நம்ம வழக்கப்படி எனக்கு விருத்தசேதனம் பண்ணிட்டா. மால்கு என் பேரு. காலையில இருந்து பாத்துக்கிட்டே இருக்கேன் அண்ணே, எல்லாத்தையும்."

அப்போதுதான் விஷயம் புரிந்தது. அன்று ஊருக்குள் இருந்த இஸ்ரவேல் வயிற்றுப் பிள்ளைகளுக்கெல்லாம் அந்த நாள் வந்திருந்தது, இவனுக்கும் சேர்த்து. யோவேசரின் கத்தி தாழ்ந்தது. பிறகு ஒன்று கேட்டான்.

"என் பொண்டாட்டி விரலை வெட்டினப்போ நீ அங்க இருந்தியா?"

மால்கு பொய் சொல்லியிருக்கலாம். "கோணியோட இன்னொரு முனையை நான்தான் புடிச்சிருந்தேன்," என்றான்.

யோவேசர் விலாவுக்குக் கீழே குத்தி மேல்நோக்கித் திருகினான். இவன் அந்த நாளுக்குள் இருந்தவன், ஆகவே ரத்தம் வந்தது, முழங்கை வரை சூடாக வந்தது. மால்கு தன் வயிற்றைக் குனிந்து பார்த்தான். "இன்னும் நிக்கிறேனே," என்றான். ஹனமேல் வந்து காயத்துக்குள் விரலை விட்டுப் பார்த்தார். இதயம் இரண்டாகப் பிளந்திருந்தது. ஆனால் அந்த நாள் சாவை ஏற்றுக்கொள்ளவில்லை, அவ்வளவுதான்.

மற்றவர்கள் மலையேறினார்கள். ஷப்பிரா ஏறவில்லை. மால்குவைத் தன் வீட்டு முற்றத்துக்குக் கூட்டி வந்து, சுவரில் சாய்த்து உட்காரவைத்து, தன் இடுப்புத் துணியால் காயத்தைக் கட்டினாள். அவளை விட்டுப் போக முடியாமல் யோவேசரும் வந்தான். கை கழுவினான். அது அவன் வீடு, உட்கார வேறு இடமில்லை, எதிரே உட்கார்ந்தான். மால்கு அத்திப்பழம் கேட்டான். கொடுத்தார்கள். தின்றான்.

"வலிக்குதா?" என்றாள் ஷப்பிரா.

"குளிருதுக்கா." சற்றுப் பொறுத்து, "சூரியன் எறங்கினா எனக்கு என்ன ஆகும்?"

"செத்துருவ," என்றான் யோவேசர்.

"எந்திரிப்ப," என்றாள் ஷப்பிரா.

"ரெண்டு பேரும் பேசி ஏதாவது ஒண்ணைச் சொல்லுங்க," என்றான் மால்கு.

நிழல் நீள நீள அவனுக்கு நடுக்கம் கூடியது, சுவரிலிருந்து சரிந்தான். ஷப்பிராவின் காயமில்லாத ஒற்றைக் கை அவனைத் தாங்கப் போதவில்லை. யோவேசர் நகர்ந்து போய்த் தோள் கொடுத்தான். சூரியன் மறைந்தது. தெருவில் முப்பத்தொன்பது பேரும் ஒரே கணத்தில் உடைந்தார்கள். திராட்சைத் தொட்டியின் அடைப்பைப் பிடுங்கினால் வருகிற சத்தம் வந்தது, நின்றிருந்தவர்கள் துண்டு துண்டாகச் சரிந்தார்கள், ரத்தம் சரிவில் இறங்கி வாசற்படியை நனைத்தது. மால்கு யோவேசரின் சட்டையை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டு, அம்மா என்று கூப்பிட்டுச் செத்தான். நட்சத்திரம் தெரிந்தபோது தோளில் உடல் இல்லை. ரத்தம் மட்டும் இருந்தது. அன்றிரவே இருவரும் மற்றவர்களைத் தேடி மலையேறினார்கள்.

தொலெமாயியிலிருந்து பெரிய படை வந்தது. நடக்க முடியாத முதியவர்களும் அவர்களை விட்டு வர மறுத்தவர்களும் ஊரில் இருந்தார்கள். அவர்களை ஜெப ஆலயத்துக்குள் அடைத்துக் கூரையில் தீ வைத்தார்கள். வெளியே ஓடிவந்தவர்களைக் கிணற்றில் போட்டுக் கல்லால் மூடினார்கள். மலைக்கு ஓடியவர்களையும் துரத்தினார்கள், அவர்களில் மூன்றில் ஒரு பங்கு தப்பவில்லை. மிச்சமிருந்தவர்கள் திபேரியாஸுக்கு வந்து சேர்ந்தோம். அந்த நகரம் வாசலைத் திறந்து பணிந்துவிட்டதால் அங்கே கொல்வதை நிறுத்தியிருந்தார்கள்.

அடுத்த ஓய்வுநாள் கழிந்ததும் அந்த நாள் மறுபடி வந்தது. ஏரியில் வீசிய வலைகள் காற்றில் விரிந்தபடி நின்றன. நகரம் முழுவதும் சிலையாகியிருக்க, பேத்கர்மாக்காரர்கள் மட்டும் தெருவில் நடந்தோம். யோவேசர் தங்கியிருந்த வீட்டுக் கதவை யாரோ தட்டினார்கள். மால்கு நின்றான். காயம் திறந்தே இருந்தது, கால் முழுக்கப் புழுதி.

"வழி கேக்கலாம்னா ஊர் ஊரா ஒருத்தனும் அசையல. நல்லா அலைஞ்சுட்டேன்," என்றான்.

வாரந்தோறும் வந்தான். முதல் வருடம் யோவேசர் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. சாயங்காலம் மட்டும் வந்து தோள் கொடுப்பான். இரண்டாம் வருடம் உட்கார ஒரு முக்காலி செய்தான். எருசலேமில் தேவாலயம் எரிந்த செய்தி வந்த வாரம் மூவரும் சாப்பிடாமல் இருந்தார்கள். பிறகு பருப்புக்கு உப்பு போதவில்லை என்று மால்கு குறை சொல்லத் தொடங்கினான், செக்கை எங்கே போடலாம் என்று யோவேசர் அவனிடம் யோசனை கேட்கத் தொடங்கினான். ஆனால் சாவு மட்டும் அவனுக்குப் பழகவே இல்லை. ஒவ்வொரு சாயங்காலமும் முதல் தடவையைப் போலவே பயந்தான், சட்டையைப் பற்றினான், அம்மாவைக் கூப்பிட்டான். இந்த நாள் யாருடையது என்று ஜெப ஆலயத்தாருக்கும் நசரேயனை நம்பிய ஷப்பிராவின் கூட்டத்தாருக்கும் தகராறு முற்றி, ஒருவர் வீட்டில் ஒருவர் ரொட்டி தொடாத நிலை வந்தது. மால்குவைக் கேட்டார்கள். தனக்குத் தெரியாது, அந்த நாளில் தான் வெறும் விருந்தாளி என்றான்.

யோவேசர் கிழவனாகி, ஓர் ஓய்வுநாளின் மாலையில், சூரியன் மறையச் சற்று முன்னால் காய்ச்சலில் இறந்தான். ஓய்வுநாளில் புதைக்கக் கூடாது, பிணத்தை வைத்திருக்கவும் கூடாது, ஆகவே விடிந்ததும் வருகிற எட்டாம் நாளில்தான் புதைக்க வேண்டும். துக்க வீட்டில் சொல்லவேண்டிய ஜெபத்துக்குப் பத்து ஆண்கள் வேண்டும். நகரம் நிறைய இஸ்ரவேலர் இருந்தும் எல்லோரும் கல்லாக நின்றார்கள். பேத்கர்மா ஆண்களில் உயிரோடு மிஞ்சியவர்கள் ஒன்பது பேர்தான். கதவைத் தட்டி உள்ளே வந்த மால்கு, பாயில் கிடந்தவனைப் பார்த்தான். சட்டையைக் கிழித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தான்.

"பத்து ஆச்சு," என்றார் ஹனமேல். அவருக்கு அப்போது கண்ணும் தெரியாது.

யாகீம் எழுந்தான். "இவனா? நம்மளை ஆணியடிக்க வந்தவன். அதோட இவன் செத்து எத்தனை வருசம் ஆச்சு! பொணத்தைச் சேத்து எண்ணச் சொல்ற வேதம் எது?"

"யாகீமே, நம்ம எழுத்துல எட்டுக்கு உள்ள எழுத்தை முதல்ல வை. நாள் அது. பத்துக்கு உள்ள எழுத்தைப் பக்கத்துல வை. ஆள் அது. சேத்து வாசி."

யாகீம் காற்றில் விரலால் எழுதினான். உதடு அசைந்தது. 

"சத்தமா வாசிடா."

"உயிரோட இருக்கான்," என்றான் யாகீம்.

"அப்போ எண்ணு."

ஜெபத்தைச் சொன்னார்கள். பிணத்தை மலைக்குத் தூக்கிப் போனபோது முன்பக்கத்தை மால்கு சுமந்தான். காயத்திலிருந்து வடிந்தது வழியெல்லாம் சொட்டியது. பாறைக் குகையை மூடி முடிப்பதற்குள் வெயில் சாய்ந்துவிட்டது. மால்குவுக்கு நடுக்கம் தொடங்கியது. பழக்கத்தில் பக்கத்தில் திரும்பிப் பார்த்தான். அங்கே மூடிய கல்தான் இருந்தது. ஷப்பிரா எழ முயன்றாள், முழங்கால் இடம் கொடுக்கவில்லை. யாகீம் தூரத்தில் கையிலிருந்த மண்ணைத் தட்டிக்கொண்டு நின்றான். பிறகு மெதுவாக வந்து, மால்குவின் பக்கத்தில் உட்கார்ந்து, தோளை நகர்த்திக் கொடுத்தான்.

"சட்டையைக் கிழிச்சுடாத," என்றான்.

முதல் நாள் காலையில் யாகீமின் மனைவி அந்தச் சட்டையை ஏரிக்கரையில் துவைத்துக் காயப்போட்டாள். அதன் பிறகு வாராவாரம் அவள்தான் துவைத்தாள்.