வைக்கோலுக்குக் கீழே கீரை

செயின்ட்-மிஷேல் சமூகத் தோட்டத்தில் அம்மாவின் பாத்திக்கு இரண்டாவது எச்சரிக்கை வந்தது. களை. இன்னொன்று வந்தால் பாத்தியைப் பறித்து வேறு யாருக்காவது கொடுத்துவிடுவார்கள். எச்சரிக்கை எழுதியவர் பேரின்பநாதன் அங்கிள். தோட்டக் கமிட்டியில் இருக்கும் ஒரே தமிழர். அவர் களை என்று எழுதியது குப்பைக்கீரையை. அதே கீரையில் வாராவாரம் ஒரு பிடி அவர் வீட்டுக்குப் போகிறது.

"எங்கடை சனத்துக்குச் சலுகை குடுக்கிறனெண்டு மற்றவை கதைப்பினம், பிள்ளை," என்றார் என்னிடம்.

"கீரை வறை சாப்பிடேக்கை அது களையில்லையோ, அங்கிள்?"

சிரித்துவிட்டுப் போய்விட்டார்.

நான் கீரையைப் பிடுங்கிவிட்டு, வைக்கோல் வாங்கிவந்து பாத்தி முழுக்கத் தடிப்பாகப் பரப்பினேன். தண்டில் முட்டினால் அழுகும் என்பதால் தக்காளி, கத்தரிக் கன்றுகளைச் சுற்றி மட்டும் இடம் விட்டேன்.

"அப்ப கீரை?" என்றார் அம்மா.

"வராது. எது களை, எது கீரையெண்டு வைக்கோலுக்குத் தெரியாது. வெளிச்சம் படாட்டி ரெண்டும் முளைக்காது."

"இதுக்கோ உன்னைக் கம்பஸுக்கு அனுப்பினது?"

"பாத்தி வேணுமோ, கீரை வேணுமோ?"

அம்மா தக்காளிக்குத் தண்ணீர் ஊற்றப் போனார்.

ஜூலை வெயிலிலும் வைக்கோலுக்குக் கீழே மண் ஈரமாகவே இருந்தது. கத்தரி காய்த்தது. களை இல்லை, கீரையும் இல்லை. பார்வையிட வந்த கமிட்டித் தலைவி "பிராவோ" என்று சொல்லிவிட்டு அடுத்த பாத்திக்கு நகர்ந்தார். அங்கிள் பின்தங்கினார்.

"கீரை இல்லையோ, பிள்ளை?"

"வைக்கோலுக்குக் கீழை கிடக்கு. கிண்டி எடுங்கோ," என்றேன் நான்.

உண்மையாகவே குனிந்து கிண்டினார். நூல் மாதிரி வெளிறிய ஒரு முளைதான் அகப்பட்டது.

"ஒரு வரிசை திறந்து விடன், பிள்ளை."

"விடலாம். பேந்து அதையும் களையெண்டு எழுதுவியள். இது சாப்பாட்டுச் சாமானெண்டு அந்த மனுசிக்குச் சொல்லுங்கோ. இப்பவே."

"எல்லாரும் நிக்கினம்..."

"அதுக்குத்தான்."

தலைவியின் முதுகைப் பார்த்தபடி நின்றார். நழுவப்போகிறார் என்றுதான் நினைத்தேன்.

"மதாம்!"

முளையைத் தூக்கிக் காட்டி, தட்டுத் தடுமாறிய பிரெஞ்சில், இது களையல்ல, இதை நானே சாப்பிடுகிறேன், இரண்டு எச்சரிக்கையும் என் பிழை என்றார். தலைவி தோளைக் குலுக்கினார். அப்படியானால் வரிசையாக விதையுங்கள், எச்சரிக்கைகளை எடுத்துவிடலாம் என்றார்.

அங்கிள் திரும்பி வருவதற்குள் அம்மா ஒரு வரிசை நீளத்துக்கு வைக்கோலை இழுத்துத் தள்ளிவிட்டிருந்தார்.

"இனி அந்தாளுக்குக் கீரை குடுக்காதேங்கோ," என்றேன்.

"போடி," என்றார் அம்மா.